நற்பெயருக்கும் தேய்மானம் உண்டு

வணிகத்தில் பெருவெற்றி பெற்ற ஒரு படைப்பைத் தோல்வி என்று சொல்வது பொருளியல் படித்தவருக்கு எளிதன்று. வாங்குவோர் தாமாக முன்வந்து பணம் கொடுத்தனர் என்றால், அதற்கு ஈடான பயனைப் பெற்றிருக்க வேண்டும் என்பதே எங்கள் துறையின் முதல் பாடம். ஆனால், அந்தப் பாடம் முழுமையாகப் பொருந்தாத சந்தைகளும் உண்டு. டிஸ்னி நிறுவனம் 2019 ஜூலையில் வெளியிட்ட 'தி லயன் கிங்' திரைப்படம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

1994-இல் அதே நிறுவனம் அதே பெயரில் எடுத்த அனிமேஷன் இசைப்படத்தின் மறு ஆக்கம் அது. உலகெங்கும் சுமார் 165 கோடி டாலர் வசூலித்தது. ஆயினும், மூலப் படத்தை அறிந்தவர்களில் பலர் எதையோ பறிகொடுத்த உணர்வுடனேயே திரையரங்கிலிருந்து வெளியே வந்தனர். விமரிசகர்கள் பலரும் காட்சிகளின் துல்லியத்தை வியந்த கையோடு, உயிர்த்துடிப்பு இல்லை என்றும் எழுதினர். இவ்வளவு பொருட்செலவில் உருவான படம் ஏன் ஏமாற்றம் அளித்தது? ஏமாற்றம் அளித்த படம் எப்படி இவ்வளவு விற்றது? முதலாவது கலை பற்றிய வினா. இரண்டாவது பொருளியல் பற்றிய வினா. இரண்டுக்கும் விடை காண, முதலில் மூலப் படத்திலிருந்து தொடங்க வேண்டும்.

தந்தையை இழந்து, பழியைத் தன் தலையில் சுமந்து, நாடு விட்டு ஓடும் ஒரு சிங்கக் குட்டி வளர்ந்து திரும்பி வந்து, தந்தையைக் கொன்ற சிற்றப்பனிடமிருந்து அரசை மீட்பதே கதை. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தின் சாயல் அதில் உண்டு. ரோஜர் ஆலர்ஸ், ராப் மின்காஃப் ஆகிய இருவரும் இயக்கினர். பாடல்களுக்கு எல்டன் ஜான் இசையமைக்க, டிம் ரைஸ் எழுதினார். பின்னணி இசை ஹான்ஸ் ஸிம்மருடையது. தென்னாப்பிரிக்க இசைக் கலைஞர் லெபோ எம் எழுப்பும் ஜூலு மொழி அழைப்பொலியுடன் படம் தொடங்கும். சிறந்த பாடல், சிறந்த பின்னணி இசை என இரண்டு ஆஸ்கர் விருதுகளை அந்தப் படம் வென்றது.

அந்தப் படத்தைப் பற்றி இன்னொரு செய்தியையும் நினைவில் கொள்ள வேண்டும். அது உருவான காலத்தில் டிஸ்னி அரங்கில் 'போகஹான்டாஸ்' என்ற படமும் தயாராகிக் கொண்டிருந்தது. அதுதான் பெருமைக்குரிய படம், 'லயன் கிங்' சிறிய முயற்சி என்ற எண்ணமே நிறுவனத்துக்குள் நிலவியது. அனுபவம் மிக்க ஓவியர்கள் பலர் 'போகஹான்டாஸ்' பக்கம் சென்றனர். முடிவில் 'லயன் கிங்' முதல் வெளியீட்டில் சுமார் 76 கோடி டாலர் ஈட்டியது. 'போகஹான்டாஸ்' அதில் பாதியைக்கூட எட்டவில்லை. எது வெல்லும் என்பது அதைச் செய்தவர்களுக்கே தெரியாத தொழில் இது.

இனி மறு ஆக்கத்துக்கு வருவோம். ஜான் ஃபாவ்ரூ இயக்கிய 2019-ஆம் ஆண்டுப் படம், ஆப்பிரிக்கக் காட்டில் நேரில் படம் பிடித்தது போலத் தோன்றும். உண்மையில், தொடக்கத்தில் வரும் சூரிய உதயக் காட்சி ஒன்றைத் தவிர மற்ற அனைத்தும் கணினியில் உருவாக்கப்பட்டவை. பிடரி மயிரின் ஒவ்வொரு இழையும் காற்றில் அசைகிறது. சிங்கத்தின் தோலுக்கு அடியில் தசை நகர்வதுகூடத் தெரிகிறது. தொழில்நுட்பச் சாதனை என்ற வகையில் இதற்கு ஈடான படங்கள் குறைவே. ஆனால், குறையும் அங்கேயே தொடங்குகிறது.

தொல்காப்பியர் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என இரண்டைப் பிரித்துக் கூறுகிறார். உலகில் உள்ளபடி சொல்வது ஒன்று; கலைக்கென்று சுவைபடப் புனைந்து சொல்வது மற்றொன்று. இசைப்படம் என்பது நாடக வழக்கின் உச்சம். எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும், மனிதர்கள் துயரம் வந்தவுடன் பல்லியம் முழங்கப் பாடத் தொடங்குவதில்லை. அப்படிப் பாடுவதைப் பார்வையாளர் ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், திரையில் விரியும் உலகமே வேறு விதிகளால் இயங்குவதாக இருக்க வேண்டும். நிறம், ஒளி, அசைவு அனைத்தும் பாட்டுக்கு இடம் கொடுக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டுப் படம் அதைச் செய்தது. மறு ஆக்கமோ, உலகியல் வழக்கில் ஒரு காட்டைப் படைத்துவிட்டு, அதற்குள் நாடக வழக்கில் பாடச் சொல்கிறது. இயற்கை ஆவணப்படத்தில் பாட்டு ஒலித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அது.

குட்டிச் சிங்கம் சிம்பா, தான் அரசனாகும் நாளுக்காகக் காத்திருக்க முடியவில்லை என்று பாடும் பாடலை எடுத்துக்கொள்வோம். மூலப் படத்தில் அந்தப் பாடல் தொடங்கியதும் காடு வண்ணக் கோலமாக மாறிவிடும். விலங்குகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கோபுரம் கட்டும். ஒரு குழந்தையின் ஆசைக் கனவுக்குள் நாம் நுழைந்துவிட்டோம் என்பது புரியும். மறு ஆக்கத்தில் இரண்டு சிங்கக் குட்டிகள் நீர்நிலையில் மற்ற விலங்குகளின் கால்களுக்கு இடையே ஓடுகின்றன. உண்மையான ஒட்டகச்சிவிங்கி கோபுரம் கட்டாது என்பதால் இங்கும் கட்டவில்லை.

சிற்றப்பன் ஸ்கார், கழுதைப்புலிகளைத் திரட்டிச் சதிக்கு அணிவகுக்கச் செய்யும் 'பீ பிரிப்பேர்ட்' பாடலின் நிலை இன்னும் மோசம். பச்சை ஒளியும் புகையும் சூழ, ஹிட்லரின் படை அணிவகுப்பை நினைவூட்டும் வகையில் மூலப் படத்தில் அமைந்த பாடல் அது. கொடுங்கோன்மை எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு சிறுவனுக்கும் உணர்த்திவிடும். மறு ஆக்கத்தில் அது சுருங்கி, பாதி பேச்சும் பாதி பாட்டுமாக முடிந்துவிடுகிறது. இரவைப் பாடும் காதல் பாடலோ பட்டப்பகல் வெளிச்சத்தில் படமாகியிருக்கிறது.

தொல்காப்பியரின் இன்னொரு சொல்லும் இங்கே உதவும், அது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்ற எட்டும் உள்ளத்தில் தோன்றி உடலின் வழியே பிறருக்குப் புலப்படுபவை. ஓவியர் வரைந்த சிங்கத்துக்குப் புருவம் உண்டு. அது உயரும், நெரியும். உதடு வளையும், கண் விரியும். தந்தையின் உடலருகே நிற்கும் குட்டியின் முகத்தில் அச்சமும் அழுகையும் ஒருங்கே தெரியும். உண்மைச் சிங்கத்தின் முகத்துக்கு அத்தகைய அசைவுகள் இல்லை. உண்மைக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்த அந்தக் கணமே, எட்டு மெய்ப்பாடுகளில் பெரும்பாலானவற்றை இயக்குநர் துறந்துவிட்டார்.

குரல் கொடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. முஃபாசாவுக்கு 1994-இல் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸே 2019-இலும் கொடுத்தார். தமிழில் வெளியான வடிவத்தில் சிம்பாவுக்குச் சித்தார்த்தும், ஸ்காருக்கு அரவிந்த் சுவாமியும், பும்பாவுக்கு ரோபோ சங்கரும், டிமோனுக்குச் சிங்கம்புலியும் குரல் கொடுத்தனர். குரலில் சிரிப்பு இருந்தது, முகத்தில் இல்லை. இதே இயக்குநர் ஏறத்தாழ இதே முறையில் 2016-இல் எடுத்த 'தி ஜங்கிள் புக்' ஏமாற்றம் தரவில்லை. அங்கே மவுக்ளி என்ற மனிதச் சிறுவன் இருந்தான். விலங்குகள் காட்டாத உணர்வை அவன் முகம் காட்டியது.

அப்படியானால் செவ்வியல் படைப்புகளை மீண்டும் தொடவே கூடாதா? அது சரியான முடிவன்று. இதே 'லயன் கிங்' கதைக்கு ஏற்கெனவே ஒரு மறு ஆக்கம் உண்டு. 1997-இல் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ஜூலி டேமோர் இயக்கத்தில் அரங்கேறியது அது. சிங்கங்களை உண்மைபோலக் காட்ட அவர் முயலவே இல்லை. முகமூடியை நடிகரின் தலைக்கு மேலே பொருத்தினார்; மனித முகமும் விலங்கு முகமும் ஒரே நேரத்தில் தெரிந்தன. ஒட்டகச்சிவிங்கியாக வருபவர் கைக்கும் காலுக்கும் நீண்ட கட்டைகளைக் கட்டிக்கொண்டு நடப்பது எல்லோருக்கும் தெரியும்படியே இருந்தது. அரசனை இழந்த பெண் சிங்கங்கள் அழும்போது, கண்களிலிருந்து வெண்ணிறத் துணி நாடாக்களை உருவினர். தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த இலக்கணம் அயலானது அன்று. குறையை விட்டு வைத்தால் பார்வையாளரின் கற்பனை அதை நிரப்பிக்கொள்ளும் என்ற நம்பிக்கையே இதன் அடிப்படை. சிறந்த இசை நாடகம், சிறந்த இயக்கம் உட்பட ஆறு டோனி விருதுகளை அந்த நாடகம் பெற்றது. இசை நாடக இயக்கத்துக்காக அந்த விருதை வென்ற முதல் பெண் டேமோர்தான். ஆக, குற்றம் மறு ஆக்கத்தில் இல்லை. புதிதாகச் சொல்வதற்கு எதுவும் இல்லாமல் மறு ஆக்கம் செய்வதில்தான் இருக்கிறது.

இரண்டாவது வினாவுக்கு வருவோம். குறை இவ்வளவு வெளிப்படையானது என்றால், 165 கோடி டாலர் எங்கிருந்து வந்தது?

அரிசியின் தரத்தை ஒரு பிடி எடுத்துப் பார்த்தே கணிக்கலாம். திரைப்படத்தின் தரமோ நுழைவுச்சீட்டு வாங்கி, பார்த்து முடித்த பின்னரே தெரியும். இத்தகைய பண்டங்களை அனுபவப் பண்டங்கள் என்று பிலிப் நெல்சன் என்ற பொருளியலாளர் 1970-இல் வகைப்படுத்தினார். தரத்தை முன்கூட்டி அறிய முடியாத வாங்குபவர், ஏதேனும் ஓர் அடையாளத்தை நம்பியாக வேண்டும். பழகிய பெயரே அவற்றுள் வலிமையான அடையாளம். 1994-இல் சிறுவராக இருந்தவர்கள் 2019-இல் பெற்றோர்களாகியிருந்தனர். தாம் பெற்ற இன்பத்தைத் தம் பிள்ளைகளும் பெறட்டும் என்று அழைத்துச் சென்றனர். அவர்கள் பணம் கொடுத்தது 2019-ஆம் ஆண்டுப் படத்தின் தரத்துக்காக அன்று. 1994-ஆம் ஆண்டுப் படத்தின் நினைவுக்காக. புதிய படத்தின் தரம் தெரியவந்தபோது வசூல் முடிந்துவிட்டிருந்தது.

தயாரிப்பாளரின் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கு எளிதாகப் புரியும். கலைத் தொழில்களின் பொருளியலை ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் கேவ்ஸ், எந்தப் படைப்பு வெல்லும் என்பதை எவராலும் முன்னறிய முடியாத நிலையையே இத்தொழிலின் முதன்மைப் பண்பாக 2000-இல் வெளியான தம் நூலில் குறிப்பிட்டார். முதலீடு கோடிக்கணக்கில் உயரும்போது அந்த நிச்சயமின்மை அச்சமாக மாறுகிறது. ஏற்கெனவே வென்ற கதையும், ஏற்கெனவே உரிமை கைவசம் உள்ள பாடல்களும் அந்த அச்சத்துக்கு மருந்தாகின்றன. 2010-இல் 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' 100 கோடி டாலரைத் தாண்டியது முதல், டிஸ்னி தன் பழைய பெட்டகத்தை ஒவ்வொன்றாகத் திறந்தது. 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' 2017-இல் சுமார் 126 கோடி டாலரும், 'அலாதீன்' 2019-இல் சுமார் 105 கோடி டாலரும் ஈட்டின.

ஆனால், வசூலை மட்டும் பார்த்து வரவு செலவு பார்க்காமல் விடுவது பொருளியலுக்கு அழகன்று. 'லயன் கிங்' மூலப் படத்துக்கு ஆன செலவு சுமார் 4.5 கோடி டாலர். மறு ஆக்கத்துக்குச் சுமார் 26 கோடி டாலர். இடைப்பட்ட 25 ஆண்டுகளில் அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு ஏறத்தாழ 72 விழுக்காடு உயர்ந்தது. அதைக் கணக்கில் கொண்டால், மூலப் படத்தின் செலவு 2019-ஆம் ஆண்டு விலையில் 8 கோடி டாலருக்கும் குறைவு. முதல் வெளியீட்டு வசூல் சுமார் 131 கோடி டாலர். அதாவது, மறு ஆக்கத்துக்குச் செலவு மூன்று மடங்குக்கு மேல். வசூலோ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே கூடுதல். மூலப் படம் செலவைப் போல 17 மடங்கு ஈட்டியது. மறு ஆக்கம் ஆறு மடங்கு ஈட்டியது. துணிந்து செய்த புதிய முயற்சிதான், பாதுகாப்பானது என்று கருதிய மறு முயற்சியைவிட அதிக ஆதாயம் தந்திருக்கிறது. மேடை வடிவமோ இரண்டையும் விஞ்சியது. அதன் உலகளாவிய வசூல் 2014-இலேயே 600 கோடி டாலரைக் கடந்துவிட்டது.

இந்த வருவாய் யாருக்குச் சேர்கிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. மூலப் படத்திலும் மறு ஆக்கத்திலும் டிமோனும் பும்பாவும் பாடும் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற பாடலின் வேர், தென்னாப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டா 1939-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பதிவு செய்த 'ம்பூபே' என்ற பாடல். ஜூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். அதன் உரிமையை அவர் பத்து ஷில்லிங்குக்கு விற்றார். 1962-இல் வறுமையிலேயே இறந்தார். அவருடைய மெட்டு உலகைச் சுற்றி வந்தது. அவருடைய மகள்கள் வழக்குத் தொடுத்து, 2006-இல் ஓர் உடன்பாட்டின் மூலமே ஒரு பங்கைப் பெற முடிந்தது. மறு ஆக்கங்கள் பெருகும் உலகில் லாபம், படைத்தவரிடம் அன்று, உரிமைப் பத்திரத்தை வைத்திருப்பவரிடமே போய்ச் சேர்கிறது. புதிதாகப் படைக்க வேண்டும் என்ற ஊக்கம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சந்தை நல்லதற்குப் பரிசும் அல்லாததற்குத் தண்டனையும் உரிய காலத்தில் வழங்கினால் இவையெல்லாம் தாமே சீராகிவிடும். ஆனால் நடப்பது வேறு. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2021-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைப்படத்தை மறு ஆக்கம் செய்தார். பத்து ஆஸ்கர் விருதுகளை வென்ற 1961-ஆம் ஆண்டு மூலப் படத்தில், போர்ட்டோ ரிக்கோ பெண்ணான மரியாவாக நடித்தவர் நட்டாலி உட் என்ற வெள்ளை நடிகை; பாடல்களில் ஒலித்ததோ வேறொருவரின் குரல். அந்தக் குறையைப் புதிய படம் சரிசெய்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் கலைஞர்களே அந்தப் பாத்திரங்களை ஏற்றனர்; தம் குரலிலேயே பாடினர். மீண்டும் எடுப்பதற்கு ஒரு காரணம் இருந்தது. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. ஆனால், சுமார் 10 கோடி டாலர் செலவான அந்தப் படம் உலகெங்கும் 8 கோடி டாலரைக்கூட எட்டவில்லை. கரோனா காலம் என்பதும் அதற்கு ஒரு காரணம். எனினும், தயாரிப்பாளர்கள் இரண்டு வரவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பாடம் தவறானது என்பதைக் காலம் மெதுவாகக் காட்டுகிறது. கணக்கியலில் நற்பெயர் என்பது ஒரு சொத்து. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வருமானம் தரும். இயந்திரத்துக்குத் தேய்மானம் எழுதும் நிறுவனங்கள், ரசிகர் மனத்தில் உள்ள நற்பெயரின் தேய்மானத்தை எழுதுவதில்லை. ஒவ்வொரு உயிரற்ற மறு ஆக்கமும் அந்தச் சொத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் செலவழித்துவிட்டு, அதை லாபம் என்று பதிவு செய்கிறது. விதைநெல்லை விற்ற பணத்தை விளைச்சல் வருமானம் என்று எழுதுவதைப் போன்றது அது.

'லயன் கிங்' மறு ஆக்கத்தின் தொடர்ச்சியாக 2024 டிசம்பரில் வந்த 'முஃபாசா' சுமார் 72 கோடி டாலர் ஈட்டியது. அது நட்டம் அன்று. ஆனால் முந்தைய படத்தின் வசூலில் பாதிக்கும் குறைவு. 2025 மார்ச்சில் வெளியான 'ஸ்னோ ஒயிட்' மறு ஆக்கம், 1937-இல் டிஸ்னியின் முதல் முழுநீள அனிமேஷன் படமாக வந்து அந்நிறுவனத்துக்கே அடித்தளமிட்ட படைப்பின் பெயரைத் தாங்கி வந்தும், சுமார் 20 கோடி டாலரோடு நின்றது. அதன் தயாரிப்புச் செலவே அதைவிட அதிகம். அதே ஆண்டு மே மாதம் வந்த 'லைலோ அண்ட் ஸ்டிட்ச்' 100 கோடி டாலரைத் தாண்டியதையும் சொல்லியாக வேண்டும். பெட்டகம் இன்னும் காலியாகிவிடவில்லை. ஆனால், எடுத்துக்கொண்டே இருந்து, புதிதாக எதையும் வைக்காமல் விட்டால் எந்தப் பெட்டகமும் ஒருநாள் காலியாகும்.

பொருளியலில் வாய்ப்புச் செலவு என்று ஒன்று உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடப்படும் மற்றொன்றின் மதிப்பே அது. 26 கோடி டாலரையும், உலகின் தலைசிறந்த கணினிக் கலைஞர்களின் பல ஆண்டு உழைப்பையும் ஏற்கெனவே நன்றாக இருந்த ஒன்றை மீண்டும் செய்யச் செலவிட்டபோது, எழுதப்படாமல் போன புதிய கதையும், மெட்டமைக்கப்படாமல் போன புதிய பாடல்களுமே அதன் உண்மையான விலை. எந்த வரவேட்டிலும் அது இடம்பெறாது. 1994-இல் அந்த விலையைக் கொடுக்க ஒரு நிறுவனம் துணிந்ததால்தான், 2019-இல் மறு ஆக்கம் செய்வதற்கென்று ஒன்று இருந்தது. இன்று யாரும் துணியவில்லை என்றால், 2044-இல் மறு ஆக்கம் செய்யக்கூட எதுவும் மிஞ்சாது.

பார்வையாளராகிய நமக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. பெயரைப் பார்த்து மட்டும் சீட்டு வாங்கும் வரை, பெயர் மட்டுமே விற்கப்படும். வீட்டில் ஒரு குழந்தை முதன்முதலாகச் சிம்பாவைச் சந்திக்கப் போகிறது என்றால், அதற்கு 1994-ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டுங்கள். தந்தையை இழந்த குட்டியின் முகத்தில் துயரம் எப்படித் தெரிகிறது என்பதை அது பார்க்கட்டும். பிறர் துயரத்தை முகத்தில் படிக்கக் கற்றுக்கொள்ளும் வயது அது. பிடரி மயிரின் இழைகளை எண்ணிப் பார்க்கப் பின்னர் எவ்வளவோ காலம் இருக்கிறது.